முன்வாசலால் வந்தவர்

அவர் ஒருநாளும் சமையலறை வாசலால் வந்ததில்லை.

கனடாவில், வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில் நான் வேலை செய்த கல்யாண மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. முன்வாசல் விருந்தாளிகளுக்கு. இரட்டைக் கண்ணாடிக் கதவு, பித்தளைப் பிடி, உள்ளே காலடி வைத்ததும் சிவப்புக் கம்பளம். பின்வாசல் எங்களுக்கு. குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, வெங்காய மூட்டைகளைத் தாண்டி நேரே சமையலறைக்குள் போகவேண்டும். கோப்பை கழுவுகிறவர்கள், மேசை போடுகிறவர்கள், பூக் கொண்டுவருகிறவர்கள், பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பின்வாசல்தான். மனேஜர் அதை ஒரு மட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்.

"மட்டையைப் பார்க்கேல்லையோ?" என்று முதல்நாள் மனேஜர் அவரை மறித்துக் கேட்டார்.

"எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் முன்வாசலால் உள்ளே போனார்.

அடுத்த கிழமை மனேஜர் யாரையோ பிடித்து அதையே அரபு மொழியிலும் எழுதி ஒட்டினார். அந்தப் பெண்மணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். "கையெழுத்து வடிவாயில்லை" என்றார். பிறகு முன்வாசலால் உள்ளே போனார்.

கெய்ரோவிலிருந்து வந்தவர். வயது ஐம்பது இருக்கும். பருத்த உடம்பு, பெரிய கண்கள், கறுப்புச் சாயம் பூசிய தலைமுடி. எகிப்தியர்களின் கல்யாணங்களில் தலையில் விளக்குக்கொத்தை வைத்துக்கொண்டு பொம்பிளை மாப்பிள்ளைக்கு முன்னால் ஆடிக்கொண்டு வருவது அவருடைய தொழில். பித்தளையால் செய்த கனமான கிரீடம் அது. அதிலிருந்து கைகள் அடுக்கடுக்காகக் கிளைத்து நிற்கும். ஒவ்வொரு கையிலும் மெழுகுவர்த்தி எரியும். விரல்களில் சின்னத் தாளங்களைக் கட்டியிருப்பார். பின்னால் அவருடைய தம்பி மத்தளம் மாதிரி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கி அடித்துக்கொண்டு வருவார். இடுப்பு தனியாகவும் தோள் தனியாகவும் ஆடும். தலை மட்டும் ஆடாது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை விடுவார்கள். கிழவிகள் அழுவார்கள். அவர்கள் ஊரில் பணக்காரர், ஏழை எல்லோருடைய கல்யாணத்திலும் இப்படித்தானாம். படங்களில் கல்யாணக் காட்சி வந்தால் அதிலும் இது இருக்குமாம்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எங்கள் ஆட்கள் அவரைப் பற்றிப் பேசியபோது ஒருவரும் பெயரைக் கேட்கவில்லை. எகிப்துக்காரி என்றார்கள், ஆட்டக்காரி என்றார்கள், வேறொன்றும் சொன்னார்கள். அந்த வாய்களுக்கு இப்போது அவர் பெயரை எடுத்துக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட வாய்க்குள்தான் பதில் சொல்வேன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கனடாவுக்கு வந்து முதலில் பார்க்டேலில் ஓர் அறைக்குள் எல்லோருமாக இருந்தோம், பிறகு வெக்ஸ்போர்ட்டுக்கு வந்தோம். எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் எவ்வளவோ அவ்வளவுதான் அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் எங்களுக்குள் பேச்சு சுலபமாக இருந்தது. அவர் சொன்னதை நான் என்னுடைய தமிழில்தான் எழுதமுடியும்.

முதலில் எனக்கு அவர்மேல்தான் கோபம். காரணம் மெழுகு. அவர் நடந்துபோன வழியெல்லாம் கம்பளத்தில் மெழுகு சொட்டியிருக்கும். அதை எடுப்பது என் வேலை. மண்ணிறக் கடதாசியை விரித்து அதன்மேல் சூடான ஸ்திரிக்கைப்பெட்டியை வைத்தால் மெழுகு உருகிக் கடதாசியில் ஊறும். ஒரு சொட்டு முடிய அடுத்த சொட்டு. முழங்காலில் நின்று வாசலிலிருந்து மேடைவரை போகவேண்டும். பற்றரியில் எரிகிற மெழுகுவர்த்தி இப்போது கடைகளில் வருகிறது, அதை வைக்கலாமே என்று மனேஜர் அவரிடம் கேட்டுப் பார்த்தார்.

"அது கடைக் கண்ணாடிக்குள்ளை வைக்கிறதுக்கு" என்றார் அவர். "பொம்பிளைக்கு முன்னாலை நெருப்புத்தான் போகவேணும்."

அதன் பிறகு அவர் வருகிற நாள்களில் மனேஜர் தீயணைக்கும் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பார். அதைப் பார்க்கத்தான் நாங்கள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்போம்.

ஒருநாள் மெழுகு எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "ஆடுறது நீ, முழங்கால் தேயிறது நானோ?" என்று தமிழில் முணுமுணுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முணுமுணுப்பு எந்த மொழியில் இருந்தாலும் அதன் சூடு தெரியும்போலும். மினுங்குகிற சட்டையோடு அப்படியே வந்து என் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். ஸ்திரிக்கைப்பெட்டியை என் கையிலிருந்து பறித்தார்.

"எழும்பு. என்ரை மெழுகு. நான் எடுக்கிறன்."

மேடை வரைக்கும் அவரே எடுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே வந்து சாப்பிடுங்கோ என்று சமையலறையைக் காட்டினேன்.

"நான் அங்கை வரமாட்டன். சோறு இங்கை வரட்டும்."

கம்பளத்தில் முழங்காலில் இருந்து மெழுகு சுரண்டுவார். ஆனால் சமையலறை வாசலை மிதிக்கமாட்டார். அப்படி ஒரு பெண் அவர். நான் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். முன்வாசலில் விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த மெத்தை ஆசனத்தில் இரண்டு பேரும் இருந்து சாப்பிட்டோம். அந்த ஆசனத்தில் நான் இருந்தது அதுதான் முதல்தடவை.

அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னார். கெய்ரோவில் ஒரு பெரிய ஹோட்டலில் ஆட்டக்காரிகளைச் சமையலறையால் வரச்சொன்னார்களாம். ஆடும்வரைக்கும் கைதட்டுவார்கள். முடிந்ததும் மீன் கழுவுகிற தண்ணீரை மிதித்துக்கொண்டு வெளியே போகவேண்டும். இவர் முதல்நாளே திரும்பி வந்துவிட்டார்.

"பொம்பிளைக்கு வழி திறக்கிறவள் நான்" என்றார். "நான் குப்பைத் தொட்டிக்குள்ளாலை வந்தால், அவளும் குப்பைத் தொட்டிக்குள்ளாலை வந்தமாதிரி. ஒருநாள், ஒரேயொரு நாள் நான் பின்னாலை போனன் எண்டால், பிறகு ஒருத்தனும் எனக்கு முன்கதவு திறக்கமாட்டான்."

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். அதுதான் பயம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பகுதியில் ஒருவர், நல்ல கோட்சூட் போட்டவர், கதிரையில் இருந்தபடியே அவருடைய இடுப்பில் கை வைத்தார். தம்பியார் அடிப்பதை நிறுத்திவிட்டார். நானும் தட்டோடு நின்றுவிட்டேன். அவர் மட்டும் சிரித்த முகம் மாறாமல் நின்றார். பிறகு அந்த மனிதருக்கு மரியாதை செய்வதுபோல மெல்ல மெல்லக் குனிந்தார். விளக்குக்கொத்து சரிந்தது. எல்லாக் கைகளிலிருந்தும் சூடான மெழுகு அந்தக் கோட்சூட்டின் மடியில் கொட்டியது. மனிதர் துள்ளி எழும்பினார். பெண்கள் மேசைகளில் குரவை எழும்பியது. அவர் நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆடத் தொடங்கினார். ஒரு சுடர்கூட அணையவில்லை.

தம்பியாரோடு அவருக்கு ஓயாத சண்டை. அதுவும் உதைபந்தாட்டத்தால். கெய்ரோவில் சிவப்புச் சட்டை அணி ஒன்று, வெள்ளைச் சட்டை அணி ஒன்று. நாடே இரண்டாகப் பிரிந்து கிடக்குமாம். அக்கா சிவப்பு, தம்பி வெள்ளை. அந்த இரண்டு அணிகளும் மோதுகிற நாளில் இங்கே கல்யாணம் இருந்தால் வேறு வினை வேண்டாம். தம்பியார் முன்வாசல் பொதுத் தொலைபேசியில் கெய்ரோவுக்கு எடுத்துக் கேட்டுவிட்டு வருவார். முகத்தைப் பார்த்தாலே எந்த அணி வென்றது என்று தெரிந்துவிடும். ஒருநாள் வெள்ளை வென்றுவிட்டது. அன்றைக்குத் தம்பியார் வேண்டுமென்றே அடியைக் கூட்டிக்கொண்டே போனார். தலையில் நெருப்போடு அக்கா அவ்வளவு வேகத்துக்கு ஆடவேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் விரல்தாளத்தைக் கழற்றித் தம்பியின் தலையில் எறிந்தார்.

"உன்ரை வெள்ளைக்காரர் நடுவரோடை சேர்ந்து வெண்டவங்கள்!"

"சிவப்பு வெண்டால் திறமை, வெள்ளை வெண்டால் நடுவரோ?"

"ஓம்!"

நான் சிரித்ததைப் பார்த்து, "நீ எந்த அணி?" என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "அப்ப சிவப்பு" என்று தீர்மானித்துவிட்டார்.

ஒருமுறை அவருடைய வீட்டுக்குப் போனேன். லோறன்ஸ் வீதியில் அரபுக் கடைகளுக்கு மேலேயுள்ள அடுக்குமாடி. கீழே ஒரு வீடியோக் கடையில் எகிப்தியப் படங்களும், நோன்பு மாதத்தில் கெய்ரோ ரீவியில் போன தொடர்நாடகங்களும் வாடகைக்குக் கிடைக்கும். அங்குள்ள அரபு ஆட்கள் எல்லோரும், எகிப்தியர் இல்லாதவர்களும்கூட, எகிப்துப் படம்தான் பார்ப்பார்கள் என்று பெருமையாகச் சொன்னார். தான் சொந்தமாக வைத்திருந்த ஒரு வீடியோ ரேப்பைப் போட்டார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். நாயகி ஆடுகிறாள். பின்னால் ஒரு வரிசைப் பெண்கள்.

"அந்தா! கடைசிப் பெண். நான்தான்!"

ஒரு தோளும் ஒரு கையும் பாதி முகமும் தெரிந்தன. அவர் ரேப்பைத் திருப்பிப் போட்டார். திரும்பவும் அந்தப் பாதி முகம். அந்த இடத்தில் மட்டும் படம் நடுங்கியது, வெள்ளைக் கோடுகள் ஓடின. அவ்வளவு தடவை திருப்பிப் பார்த்து ரேப் அந்த இடத்தில் தேய்ந்துபோயிருந்தது.

"கமராக்காரன் என்னைப் பாதியிலை வெட்டிப்போட்டான்" என்றார். முப்பது வருடத்துக் கோபம் அப்படியே இருந்தது. "கையை இன்னும் கொஞ்சம் திருப்பினால் என்ன? நாய்!"

பிறகு விளக்குக்கொத்தைக் கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, என் தலையில் வைத்தார். மெழுகுவர்த்தி இல்லாமலே தாங்கமுடியாத பாரம். நான் வழக்கம்போல நிலத்தைப் பார்த்தேன். கிரீடம் சறுக்கி மூக்குக்கு வந்துவிட்டது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதை வைச்சுக்கொண்டு நிலத்தைப் பார்க்க ஏலாது. என்னைப் பார்."

நான் அவரைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் குறுக்கும் மறுக்கும் நடந்தேன். அடுத்த இரண்டு மூன்று நாளும் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

இனிச் சொல்லப்போவது எங்கள் ஆட்கள் செய்தது.

என் கணவருக்கு ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் பிறம்ரனில் இருந்தார். அத்தான் என்று கூப்பிடுவேன். மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பார்க்க வந்த அன்று உள்ளே ஓர் எகிப்தியக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. விளக்கோடு அவர் வருவதைக் கண்டு அத்தான் அப்படியே நின்றுவிட்டார். கும்பிடத்தான் இல்லை.

"இதென்னடியப்பா, விளக்கெல்லோ தலையிலை! எங்கடை ஆரத்தி மாதிரியெல்லோ கிடக்கு. இப்பிடி ஒண்டு கனடாவிலை ஒருத்தனும் செய்யேல்லை. பிள்ளைக்கு முன்னாலை இவ விளக்கோடை வந்தால் எப்பிடி இருக்கும்!"

போன மாதம் யாரோ மகளைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தார்களாம். அதை வெல்லவேண்டும். அது எனக்கு விளங்கியது. என்றாலும் அத்தான் அந்த விளக்கைப் பார்த்த பார்வை பொய்யில்லை.

நீயே அவவைக் கேள் என்றார். நான் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றேயொன்று. அத்தானையே பார்த்துக் கேட்டார்.

"முன்வாசலாலைதானே?"

"யெஸ், யெஸ்! முன்வாசல்தான்" என்றார் அத்தான்.

வயிறு தெரியாத உடுப்பு வேண்டும் என்பதை எப்படிச் சொல்வதென்று நான் தயங்கியபோது அவரே சொன்னார். பிள்ளையின் விழா அல்லவா, கழுத்திலிருந்து கால்வரை மூடிய வெள்ளை அங்கி போடுவேன் என்றார்.

விழாவுக்கு நானும் சொந்தக்காரிதான். ஆனால் அத்தான் முதல்நாள் தொலைபேசியில், "நீ கிச்சினுக்குள்ளை நிண்டால் உதவியாயிருக்கும். அங்கை உனக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றார். அதனால் மைத்துனரின் மகளின் சாமத்தியவீட்டுக்கு நான் குப்பைத் தொட்டியைத் தாண்டிப் பின்வாசலால் போய், மஞ்சள் றப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் காலையிலேயே வந்துவிட்டார். முன்வாசலால் வந்தார், நீளக் கம்பளம் முழுக்க நடந்து, மேடைப் பக்கத்திலுள்ள உடுத்தும் அறைக்குப் போனார். சேலையும் நகையும் பாரம் தாங்காமல் பிள்ளை அங்கே இருந்தது. கனடாவில் வளர்ந்த பிள்ளை. விழா வேண்டாம் என்று கிழமைக்கணக்காக அழுததாம். அவருடைய விளக்குக்கொத்தைக் கண்டதும், "ஓ மை கோட்! இது எனக்கா?" என்று கேட்டது. மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாகச் செருக உதவியும் செய்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளை சிரித்ததை நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

மண்டபம் நிரம்பியது. அத்தானின் அக்கா, பிள்ளைக்கு ஆரத்தித் தட்டு எடுக்கவேண்டிய மாமி, எனக்கு மச்சாள் முறை, அறைக்குள் வந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார். வெளியே போனார். சமையலறை நடையில் அத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"உவள் ஆர் எண்டு தெரியுமோ உனக்கு? எகிப்துக்காரி! வயித்தைக் காட்டி ஆடுறவள். ரீவியிலை காணேல்லையோ? உவள் முன்னாலை போனால் நான் தட்டுத் தொடமாட்டன்."

"அக்கா, இண்டைக்கு முழுக்க மூடியெல்லோ..."

"மூடினால்? எங்கடை பிள்ளைக்கு உந்தத் தரித்திரம் முன்னாலை போகவேணுமோ? சபையிலை சிரிப்பாய்ச் சிரிப்பினம்."

நான் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன். மேடையில் அதே நேரம் சின்னப் பெண்பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள், வயிறு தெரிகிற உடுப்போடு, இடுப்பை வெட்டி வெட்டி ஆடினார்கள். சபை விசிலடித்தது. அது கலாசாரம்.

அத்தான் என்னிடம் வந்தார்.

"நீதானே கூட்டிக்கொண்டு வந்தனி. நீயே சொல்லு. இப்ப வேண்டாமாம் எண்டு. கிச்சினாலை போய் வெளியிலை நிக்கட்டும்." பிறகு குரலைத் தணித்தார். "பின்னேரம் பெரிசுகள் எல்லாம் போனாப் பிறகு திரும்பி வரச்சொல்லு. பெடியள் கேக்கிறாங்கள். மற்ற உடுப்போடை. பின்வாசலாலை."

இதை நான் திரும்பவும் எழுதுகிறேன், ஒருவரும் தவறாக வாசித்துவிடக்கூடாது. மூடிய அங்கியோடு, விளக்கோடு, பிள்ளைக்கு முன்னால் வந்தால் அவர் தரித்திரம். மற்ற உடுப்போடு, பின்வாசலால், ஆம்பிளைகளுக்கு முன்னால் வந்தால் வரலாம்.

என் வாயால் அதைச் சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் அத்தானுக்கு நான் தலையை அப்படி ஆட்டியது அதுதான் முதல்தடவை. அத்தான் என்னை முறைத்துவிட்டுத் தானே உடுத்தும் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

அறைக்குள் எல்லாம் தயார். மெழுகுவர்த்திகள் கொளுத்தியாகிவிட்டன. விளக்குக்கொத்து அவர் தலையில் இருந்தது. தம்பியார் மத்தளத்தைத் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் பல்லைக் காட்டினார்.

"சொறி... சின்னப் பிரச்சினை. நீங்கள் இதாலை கிச்சினுக்குப் போங்கோ. நல்ல சாப்பாடு இருக்கு. ஈவினிங் வாங்கோ. அதர் ட்றெஸ்."

அவர் தலை அசையாமல், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். சரியாகத்தான் விளங்கியதா என்று கேட்கிற பார்வை. ஓம் என்று தலையசைத்தேன்.

"அப்பா" என்றது பிள்ளை. "யூ புறமிஸ்ட் ஹேர்."

"வாயை மூடு நீ!"

அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று சமையலறை நடைக்கு. பத்தடி நடந்தால் வெளியே போய்விடலாம். ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மற்றது மண்டபத்துக்கு. அங்கே எங்கள் சனம் அத்தனையும் இருந்தது. அதையெல்லாம் கடந்தால்தான் முன்வாசல்.

"நான் முன்னாலை வந்தனான்" என்றார் அவர். "முன்னாலைதான் போவன்."

மண்டபக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு போனார்.

ஆடவில்லை. தம்பியார் மத்தளத்தை எடுத்தபோது கையைக் காட்டி வேண்டாம் என்றார். ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். அந்தப் பெரிய சபைக்கு நடுவால், சிவப்புக் கம்பளத்தில், வெள்ளை அங்கியோடு, தலையில் நெருப்போடு அவர் நடந்தார். அவசரப்படவில்லை. மேசை மேசையாகத் தலைகள் திரும்பின. ஒரு கிழவர் தன்னையறியாமல் எழுந்து நின்று கைகூப்பினார். பக்கத்தில் இருந்தவர் அவரைச் சட்டையில் பிடித்து இழுத்து இருத்தினார். மெழுகு சொட்டிக்கொண்டே வந்தது. அத்தானும் மச்சாளும் மேடையடியில் விறைத்துப்போய் நின்றார்கள். உடுத்தும் அறைக் கதவில் பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தாய் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

முன்வாசல் கதவு பாரமானது. இரண்டு பக்கமும் திறந்தால்தான் விளக்குக்கொத்து இடிபடாமல் போகும். எப்போதும் மனேஜர்தான் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்து திறப்பார். அன்றைக்கு அவர் சிலிண்டரோடு அங்கேயே நின்றார், அசையவில்லை. அந்தக் கதவு மூடியிருந்தால் விளக்கோடு வருகிறவர் எல்லோருக்கும் முன்னால் நின்று, விளக்கை இறக்கிவைத்து, குனிந்து கதவை இழுக்கவேண்டும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. நான் சுவரோரமாக ஓடினேன். ஏப்ரனோடும் மஞ்சள் கையுறையோடும் ஓடி, இரண்டு கதவையும் இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர்காற்று உள்ளே அடித்தது. பலூன்கள் எல்லாம் ஆடின.

என்னைக் கடக்கும்போது அவர், "நிலத்தைப் பாராதை" என்றார்.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. முன்வாசல் படியால் இறங்கி, கார்களுக்கு நடுவே போனபிறகுதான் சுடர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. தம்பியார் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் தன் பாஷையில் ஏசிக்கொண்டு பின்னால் போனார். ஏசட்டும் என்று நினைத்தேன்.

உள்ளே உடனே பாட்டைப் போட்டார்கள். மனேஜர் என்னிடம் வந்தார். கம்பளத்தைக் காட்டினார். மேடையடியிலிருந்து முன்வாசல்வரை வெள்ளைச் சொட்டுகள்.

"கிளீன் பண்ணு."

நான் கையுறையைக் கழற்றினேன். ஏப்ரனையும் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

"இண்டைக்கு நான் விருந்தாளி" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. பிறகு போய் ஒரு மேசையில், என் கணவருக்குப் பக்கத்தில், வெறுமையாக இருந்த கதிரையில் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர்க் கிளாசை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த மண்டபத்தில் வேலை இருக்கவில்லை. அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அன்றைய குழப்பத்தைச் சாட்டாக வைத்து மனேஜர் எகிப்தியக் கல்யாணங்களுக்கும் மெழுகுவர்த்தி கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் பற்றரி விளக்குக்குச் சம்மதிக்கவில்லை. வேறு இடம் தேடி மிசிசாகாப் பக்கம் போய்விட்டார் என்று வீடியோக் கடையில் சொன்னார்கள். அந்த வீட்டுக்குப் போனேன். வேறு யாரோ இருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, அன்றைக்குச் சாப்பாடு நல்லாயிருந்தது என்று வீட்டுக்குப் போனார்கள்.

சில மாதங்கள் கழித்து அத்தான் வீட்டில் சாமத்தியவீட்டு வீடியோவைப் போட்டார்கள். சொந்தக்காரர் எல்லோரும் சோபாவிலும் நிலத்திலும் இருந்து பார்த்தோம். வீடியோக்காரர் நன்றாகத்தான் வெட்டியிருந்தார். சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் இருந்தது. கேக் இருந்தது. புகை கக்கும் மெஷின் இருந்தது. மச்சாள் ஆரத்தி எடுப்பது மூன்று கோணத்தில் இருந்தது. அவர் இல்லை. பாதி முகம்கூட இல்லை.

ஆனால் ஆரத்தியிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு காட்சியிலும் அந்தச் சிவப்புக் கம்பளம் இருந்தது. அதில் மேடையடியிலிருந்து முன்வாசல்வரை வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. பட்டுச்சேலைகள் அதன்மேல் இழுபட்டன. சப்பாத்துகள் மிதித்தன. மச்சாள் தட்டோடு அதன்மேல்தான் நின்றார்.

"அதென்ன வெள்ளை வெள்ளையாய்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரேப் பழுது" என்றார் அத்தான். "மலிவு ரேப்பிலை அடிச்சுத் தந்திட்டான்."

மூலையில் இருந்த பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நானும் நிமிர்ந்தேன்.

"ரேப் பழுதில்லை அத்தான்" என்றேன். "அது மெழுகு."